ஆறாம் அத்தியாயம்: குழந்தையின் ஒரு நாளும் அதன் மூன்று காவலர்களும்

கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையே அழகு என்றும், தட்டில் இட்டதை மிச்சமின்றி உண்ணும் குழந்தையே சமர்த்து என்றும் நம் பாட்டிமார்கள் கொண்டிருந்த அபிப்பிராயம் அறியாமையால் விளைந்ததன்று. பஞ்சமும் பேதியும் வைசூரியும் மாறி மாறி வாசற்படி ஏறிய காலத்தில், மெலிந்த குழந்தை முதலில் சாய்வதையும் சதைப்பிடிப்புள்ள குழந்தை பிழைத்து எழுவதையும் கண்ணாரக் கண்ட அவர்களுக்கு, பேரனின் கன்னத்துச் சதை குதிரில் சேர்த்த நெல்லாகவே தோன்றிற்று. குதிர் நிரம்பி வழிகின்ற இந்நாளிலும் அந்த அபிப்பிராயம் மாத்திரம் அசையாமல் நிற்பதுதான் நமக்கு நேர்ந்த சங்கடம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 5 முதல் 19 வயது வரையுள்ள சிறாரில் வயதுக்கு மீறிய எடை கொண்டவர்கள் 1990இல் நூற்றுக்கு எட்டுப் பேராக இருந்து, 2022இல் நூற்றுக்கு இருபது பேராகிவிட்டனர்; தொகையில் சொன்னால் 39 கோடிக்கும் அதிகம்; அவர்களில் 16 கோடிப் பேர் உடற்பருமன் என்னும் வியாதி நிலையையே எட்டியவர்கள். நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே மிகை எடை தேசியக் குடும்பநல ஆய்வில் 2015-16இல் 2.1 சதவீதமாகவும், 2019-21இல் 3.4 சதவீதமாகவும் இருந்தது. எண் சிறிதாயினும் அது போகும் திசை கவனிக்கத்தக்கது.

இந்தியக் குழந்தைக்கென்று தனியே ஓர் எச்சரிக்கையும் உண்டு. புணே நகரத்து வைத்தியர் யாஜ்னிக் என்பவரும் அவருடைய சகாக்களும் அந்தப் பிரதேசத்துக் கிராமங்களில் பிறந்த சிசுக்களை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த சிசுக்களோடு ஒப்பிட்டபோது, ஆங்கிலக் குழந்தை சராசரி மூன்றரைக் கிலோவும் நம் குழந்தை 2.7 கிலோவுமே இருந்தபோதிலும், அந்த இளைத்த உடம்பில் தசை குறைந்திருந்த அளவுக்குக் கொழுப்பு குறைந்திருக்கவில்லை என்று கண்டார்கள். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்னும் இந்த விசித்திர அமைப்போடு பிறப்பதும் ஒரு காரணமாக, பிற நாட்டார் சாதாரணம் என்று கருதும் எடையிலேயே நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மை வந்து பற்றுகின்றன. ஆகவே, ‘இது வளரும் வயது, வளர்ந்தால் தானே வடிந்துவிடும்’ என்று காத்திருக்கும் சௌகரியம் நமக்குச் சற்றுக் குறைவு.

1. முதற்காரியம்: ஒரு நாளைத் தாளில் எழுதுதல்

இந்நூலைப் படிக்கும் பெற்றோர், எடைக்கருவியைத் தேடி ஓடுவதற்கு முன், ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, ஏதேனும் ஒரு சாதாரணப் பள்ளி நாளில் குழந்தை கண்விழித்தது முதல் கண்மூடியது வரை உண்டதையும் அசைந்ததையும் நேரக் கிரமமாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘இதைத் தீர்மானித்தவர் யார்’ என்பதையும் ஒளிக்காமல் குறித்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நடுத்தரக் குடும்பத்து நான்காம் வகுப்புப் பையன் ஒருவனுடைய தாள் பெரும்பாலும் எப்படி அமையும் என்பதற்கு மாதிரி ஒன்று:

காலை 6.40: பால் ஒரு குவளை, டப்பாவில் வரும் ‘போஷாக்கு’ப் பொடி இரண்டு கரண்டி, அதன்மேல் சர்க்கரை இரண்டு கரண்டி. (அம்மா)
7.50: பூரி மூன்று, உருளைக்கிழங்கு மசால், தொலைக்காட்சிக்கு முன் ஊட்டியது. (அம்மா)
8.15: வாசலில் வேன். பள்ளி ஒன்றேகால் கிலோமீட்டர். (அப்பா)
10.45: கிரீம் பிஸ்கட்டு ஒரு பொட்டலம். (அம்மா)
12.40: எலுமிச்சஞ்சாதம், உருளை வறுவல், அப்பளம். (அம்மா)
2.30: விளையாட்டுப் பீரியட், பரீட்சை நெருங்குவதால் கணக்குப் பாடம். (பள்ளி)
4.10: வாசல் கடையில் பப்ஸ் ஒன்று, சிப்ஸ் ஒரு பொட்டலம். (பையன்)
4.40: முறுக்கு, பாட்டிலில் அடைத்த பழரசம். (பாட்டி)
5.15 முதல் 7 வரை: டியூஷன். (அப்பா)
7.15: கைபேசி. (ஒருவரும் தடுக்கவில்லை)
9.20: அப்பா வாங்கி வந்த பரோட்டாப் பார்சல். (அப்பா)
11.05: தூக்கம்.

இதில் பையனுடைய சுய விருப்பத்தால் நடந்த காரியம் ஒன்றே ஒன்று. அதுவும், பள்ளிக்கு எதிரே என்ன கடை இருக்கலாம் என்பதை அவனைக் கேட்டு எவரும் முடிவு செய்ததில்லை. மற்ற வரிகளெல்லாம் வீடும் பள்ளியும் ஊரும் அன்பினாலோ அவசரத்தினாலோ அசிரத்தையினாலோ எழுதிய வரிகள். அப்படியிருக்க, மாலையில் அந்தப் பையனைக் கண்ணாடி முன் நிறுத்தி, “வாயைக் கட்டுடா” என்று அதட்டுவது நியாயமாகாது. திருத்த வேண்டியது அவனுடைய ஒரு நாளை. நாள் திருந்தினால் தேகம் தன் வேகத்தில் பின்தொடர்ந்து வரும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தப் பன்னிரண்டு வரிகளை எவரெவர் எப்படி மாற்றலாம் என்பதைப் பற்றியதே.

2. முதற் காவலர்: வீடு

வீட்டில் தொடங்க வேண்டிய இடம் சாப்பாட்டு மேசையன்று, மாத முதல் வாரத்து மளிகைச் சீட்டு. அலமாரியில் இருக்கும் பிஸ்கட்டுப் பொட்டலத்தைக் கேட்டு அழும் குழந்தையோடு மாதம் முப்பது நாளும் போராடுவதைவிட, அதைச் சீட்டில் எழுதாமல் விடும் ஒரு நிமிஷத்துத் தைரியம் எளிது. பாட்டில் பானங்களை வாங்குமுன் அதன் முதுகிலுள்ள அட்டவணையைப் பாருங்கள். நூறு மில்லியில் சர்க்கரை 11 கிராம் என்றிருந்தால், முந்நூறு மில்லி பாட்டிலில் 33 கிராம். அதாவது ஏறக்குறைய ஆறரைத் தேக்கரண்டி. தனியே சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது, இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் உத்தமம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் சிபாரிசு. தினம் 1600 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு அது முறையே 40 கிராமும் 20 கிராமும் ஆகும். ஒரே பாட்டில் அந்த வரம்பில் எவ்வளவு தூரத்தை விழுங்கிவிடுகிறது என்பதைக் குழந்தையையே கரண்டியால் அளந்து ஒரு கிண்ணத்தில் கொட்டச் சொன்னால், நூறு உபதேசத்தின் வேலையை அந்தக் கிண்ணம் செய்யும்.

அடுத்தது ஊட்டுகிற வழக்கம். ‘காக்காய்க்கு ஒரு வாய், மாமாவுக்கு ஒரு வாய்’ என்று வயிறு நிறைந்த பிறகும் வாயை நிறைப்பது நம் வீடுகளின் செல்லக் கலை. எத்தனையோ வீடுகளில் நடக்கும் சம்பாஷணை இது:

“அத்தை, போதும்னு அவனே சொல்றானே, விட்டுடுங்க.”

“அது என்னம்மா சாப்பாடு, குருவி கொத்தின மாதிரி? நீ கண்ணைத் திருப்பு, நான் இன்னும் ரெண்டு வாய் கொடுத்துடறேன்.”

பாட்டியின் கையிலுள்ள அந்த இரண்டு வாயில் நிறைந்திருப்பது பிரியமே. எனினும், போதும் என்று வயிறு சொல்லும் மெல்லிய குரலைக் கேட்டு நடக்கும் பழக்கம் குழந்தையிடம் மங்குவதும் அந்த இரண்டு வாயில்தான். எல்லின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்ன வேலைப் பங்கீடு இங்கே மிகவும் பிரயோஜனமானது: என்ன உணவு, எப்பொழுது, எங்கே என்பவை பெரியவர்களின் அதிகாரம், உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பவை குழந்தையின் அதிகாரம். இந்த எல்லையை இரு தரப்பாரும் மீறாதிருந்தால் சாப்பாட்டு வேளைச் சண்டையில் பாதி ஓய்ந்துவிடும்.

பாட்டியிடமிருந்து கொடுக்கும் உரிமையைப் பறிக்க வேண்டாம். பறித்தால் பண்டம் முந்தானைக்குள் மறைந்து வரும். கொடுக்கிற பண்டத்தை மாற்றும்படி கேட்டுக்கொண்டால் போதும். மாலை நாலரை மணிக்குத் தாளித்த பாசிப்பயறுச் சுண்டல், அவித்த வேர்க்கடலை, தை மாதத்தில் பனங்கிழங்கு, கொய்யாப் பழம், நீர்மோர் இவையெல்லாம் அவர் அறியாத பதார்த்தங்கள் அல்ல. அவர் கைப்பக்குவத்துக்கு மறுபடியும் ஒரு மரியாதை கிடைத்ததாகவே எண்ணி மகிழ்வார்.

பருத்த குழந்தைக்கென்று தனிச் சமையல் செய்யலாகாது. ஒருவனுக்கு மட்டும் கீரையும் மற்றவர்களுக்கு வறுவலும் என்றால் கீரை தண்டனையாகிவிடும். வீடு முழுவதற்கும் ஒரே தட்டு, அதில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறோ சிறுதானியமோ, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்றவை என்று வைத்துக்கொள்வதே முறை. நல்ல மார்க்குக்குப் பரிசாக ஐஸ்கிரீம் வேண்டாம். அழுகையை நிறுத்த மிட்டாயும் வேண்டாம். உணவு வேளையில் தொலைக்காட்சியும் கைபேசியும் அணைந்திருக்கட்டும். எதிரே படம் ஓடும்போது எத்தனை தோசை உள்ளே போயிற்று என்பதைப் பெரியவர்களே அறியமாட்டார்கள். 6 முதல் 12 வயது வரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். உறக்கம் குறைந்தால் மறுநாள் பசி மிகும், விளையாட உற்சாகம் குறையும்.

முடிவாக, ‘குண்டு’, ‘பூசணி’ என்னும் பட்டப்பெயர்களை வீட்டார் விளையாட்டுக்கும் உச்சரிக்கலாகாது. அவமானத்தால் மெலிந்த குழந்தையை நான் கண்டதில்லை; அவமானத்தால் ஒளிந்து தின்னக் கற்றுக்கொண்ட குழந்தைகளைக் கண்டிருக்கிறேன்.

3. இரண்டாம் காவலர்: பள்ளி

5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரி அறுபது நிமிஷமாவது மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் ஆட்டமும் அவசியம் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. மாதிரித் தாளில் 2.30 மணிக்கு அந்த அறுபதில் பெரும்பகுதி கிடைத்திருக்க வேண்டும். கணக்குப் பாடம் அதை எடுத்துக்கொண்டது. விளையாட்டுப் பீரியடை இரவல் வாங்கிய கணக்கு உபாத்தியாயர் அதைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் கேட்டுத் திரும்பும் பெற்றோர், ‘சென்ற மாதம் எத்தனை விளையாட்டுப் பீரியட் நடந்தது’ என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கினால், இரவல் தானே நின்றுபோகும். அந்தப் பீரியடில், ஓடத் தெரிந்த பத்துப் பேர் ஆட மற்றவர்கள் வேப்பமரத்தடியில் புத்தகப் பைகளுக்குக் காவலிருப்பதும் கூடாது. கயிறு தாண்டல், பாண்டி, எறிபந்து, சடுகுடு என்று எல்லோருடைய கால்களும் அசையும்படியான ஆட்டங்களைக் குழுக்குழுவாக நடத்த வேண்டும். பருத்த குழந்தையே கடைசியில் தேர்ந்தெடுக்கப்படும் அவலம் நேராதபடி குழுக்களை உபாத்தியாயரே பிரித்துவிடுவது நலம்.

உணவின் விஷயத்தில் சட்டம் பள்ளியின் பக்கம் நிற்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2020இல் விதி வகுத்திருக்கிறது. 2025இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதைக் காட்டும் ‘சர்க்கரைப் பலகை’களைத் தன் பள்ளிகளில் வைக்கப் பணித்தது, எந்தப் பள்ளியும் அதைச் செய்ய உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஓர் அட்டையும் பசையும் போதும்.

அரசுப் பள்ளிகளின் சமையற்கூடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராஜர் காலத்தில் மாகாணமெங்கும் பரவி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து, 2022இல் காலை உணவையும் சேர்த்துக்கொண்ட அந்த அடுப்பு பசியை ஒழிக்க மூட்டிய அடுப்பு. எனினும், பருப்பும் காயும் சேர்ந்த சாம்பார், அவித்த முட்டை, கொண்டைக்கடலை என்று ஒழுங்கான வேளையில் சூடாக இடப்படும் அந்தத் தட்டே உடற்பருமனுக்கும் தடுப்பாகிறது. பசித்த குழந்தைக்கும் பருத்த குழந்தைக்கும் வேண்டிய தட்டு அநேகமாக ஒன்றே. கட்டணப் பள்ளியின் சிற்றுண்டிச்சாலை அரசுப் பள்ளியின் அடுப்பைப் பார்த்துக் கற்கவேண்டிய பாடம் இது.

4. மூன்றாம் காவலர்: ஊர்

மாதிரித் தாளில் 8.15க்கு வந்த வேனைப் பற்றி அப்பாவைக் கேட்டால், ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்து போகலாம்தான், ஆனால் பஸ் நிலையத்து முனையை எப்படிக் கடப்பான் என்பார். நியாயமான பதில். நடைபாதை கடைகளாலும் மோட்டார் சைக்கிள்களாலும் நிரம்பியிருக்க, குழந்தையை நடக்கச் சொல்வது உபதேசமாக முடியுமேயன்றிக் காரியமாகாது. இவ்விடத்தில் ஒரு குடும்பத்தால் ஆகாதது ஊரால் ஆகும்.

ஆகும் என்பதற்குப் பிரத்தியட்ச உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் சோமர்வில் என்ற சிறு நகரில், டப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா எக்கனாமஸ் என்பவரின் தலைமையில், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை உத்தேசித்து 2003இல் ஒரு முயற்சி தொடங்கிற்று. அவர்கள் எந்தக் குழந்தையையும் தனியே பிரித்துப் பத்தியம் இடவில்லை. பள்ளிச் சமையல்காரர்களுக்குப் பயிற்சி, காலை உணவில் பழம், பள்ளிக்கு நடந்து செல்லப் பாதுகாப்பான வழிகள், உணவு விடுதிகளில் சிறிய அளவுப் பரிமாறல், குழந்தை வைத்தியர்களுக்குப் பயிற்சி என்று நாளின் ஒவ்வொரு வேளையிலும் சிறு சிறு மாற்றத்தைச் செருகினார்கள். ஓராண்டு முடிவில், எடை மிகும் அபாயத்திலிருந்த குழந்தைகளின் எடை ஏற்றம் பக்கத்து நகரங்களைவிடச் சுமார் ஒரு பவுண்டு குறைந்திருந்தது. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. ஆயினும் எவரையும் பட்டினி போடாமல், எவரையும் அழவைக்காமல், ஊர் முழுவதற்கும் கிடைத்த அரைக் கிலோ அது.

வட பிரான்சில் ஃப்ளேர்பே, லவந்தி என்னும் இரட்டை ஊர்களின் கதை இன்னும் நெடியது. 1992இல் பள்ளிப் பாடத்தில் உணவறிவைப் புகுத்தித் தொடங்கி, பிறகு ஊராட்சி, கடைக்காரர், வைத்தியர், விளையாட்டுச் சங்கம் என்று ஒவ்வொருவராகக் கூடிவர, 2004இல் அவ்வூர்ச் சிறாரில் மிகை எடையுள்ளோர் 8.8 சதவீதமாயிருக்க, ஒப்புநோக்கிய ஊர்களில் அது 17.8 சதவீதமாக இருந்தது. கவனிக்கவேண்டியது இடையில் கழிந்த பன்னிரண்டு ஆண்டு. முதற் சில வருஷங்களில் எடைக்கணக்கில் பெரிய பலன் ஒன்றும் தென்படவில்லை. ஊர் முழுவதும் கைகொடுத்த பின்னரே பலன் கண்டது. பொறுமையற்றவர்களுக்கு ஏற்ற வேலை இதுவன்று.

நம் ஊரில் இதற்கான வாயில்கள் முன்பே திறந்திருக்கின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராமசபையில் விளையாட்டுத் திடலுக்குத் தெருவிளக்கு வேண்டும், திடலில் குப்பை கொட்டலாகாது என்று தீர்மானம் கொண்டுவரலாம். நகரத்தில் குடியிருப்போர் சங்கம், வார்டு உறுப்பினர் மூலம் பள்ளி முனையில் வேகத்தடையும் காலை அரை மணி நேரக் காவலரும் கேட்கலாம். ஒரே தெருவின் எட்டுப் பத்துக் குழந்தைகளை, முறைவைத்துத் தினம் இரு பெற்றோர் முன்னும் பின்னுமாக நடத்திச் செல்லும் ‘நடை வண்டி’க்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

வாசல் கடைக்காரரைப் பகைவராக எண்ணலாகாது. அவருக்கும் வீட்டில் குழந்தை உண்டு. விற்பதைத்தான் அவர் வைக்கிறார். ‘அண்ணாச்சி, பப்ஸுக்குப் பக்கத்திலே ஒரு தட்டு சுண்டலும், கடலை மிட்டாயும், நறுக்கின கொய்யாவும் வையுங்க, முதல் மாசம் மீந்துபோனா நாங்க வாங்கிக்கறோம்’ என்று நாலு தாய்மார் சேர்ந்து சொன்னால், சட்டத்தின் 50 மீட்டரைக் காட்டி மிரட்டுவதைவிட நீடித்த பலன் கிடைக்கும்.

5. அளவும் வைத்தியரும்

வருஷத்துக்கு இருமுறை உயரமும் எடையும் அளந்து, கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து, வரும் எண்ணை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில், வயதுக்கும் பாலுக்கும் ஏற்பக் குறிக்க வேண்டும். பெரியவர்களுக்குரிய எண்களைக் குழந்தைக்குப் பொருத்துவது தவறு. அளப்பது தனியறையில் நடக்கட்டும். வகுப்பு முழுவதும் கேட்கும்படி எடையைக் கூவுவது கூடாது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு எடையைக் குறைக்க வேண்டிய அவசியமில்லை. உயரம் ஏறுகையில் எடையை நிறுத்திப் பிடித்தாலே விகிதம் சரியாகிவிடும். பட்டினி, எடைகுறைக்கும் பொடி, பெரியவர்களின் பத்தியம் இவற்றை ஒருபோதும் முயலலாகாது. பின்கழுத்தில் தேய்த்தாலும் போகாத கருமை, இரவில் பலத்த குறட்டை, நடந்தால் மூட்டுவலி, பெண் குழந்தைக்கு மாதவிலக்கு ஒழுங்கின்மை, பருமனோடு உயரமும் வளராமை ஆகிய இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுக.

6. இரண்டாம் தாள்

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயன்றவர்கள் இரண்டாம் வாரத்தில் பழைய இடத்துக்கே திரும்பியிருக்கிறார்கள். ஆகையால் முதல் மாதம் மளிகைச் சீட்டு. இரண்டாம் மாதம் உறங்கும் நேரமும் சாப்பாட்டு வேளைத் திரையும். மூன்றாம் மாதம் பள்ளிக் கூட்டத்தில் அந்த ஒரு கேள்வி. நான்காம் மாதம் தெருவார் கூடிய நடை. ஐந்தாம் மாதம் கடைக்காரர். ஆறாம் மாதம் திடல் என்று மாதத்துக்கு ஒரு வரியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழிந்த ஒரு பள்ளி நாளில் மறுபடியும் வெள்ளைத் தாளை எடுத்து, அதே நேரங்களை எழுதிப் பழைய தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள். பன்னிரண்டில் நான்கு வரி மாறியிருந்தாலும் நல்ல ஆரம்பமே. எடைக்கருவியின் முள் அதற்குள் அசைந்திராமல் இருக்கலாம். அதைப் பற்றிக் குழந்தையிடம் பேச வேண்டாம். 4.10 என்ற வரிக்கு எதிரே ‘திடல், செருப்பெல்லாம் புழுதி, ஐந்தரைக்குத்தான் வந்தான்’ என்று அம்மாவின் கையெழுத்தில் ஒரு முணுமுணுப்பு இருந்தால், அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வையுங்கள், அடுத்த ஆறு மாதத்துக்கு அதுவே வழிகாட்டி.